தலையில்லாத எறும்புகள்

வெல்டிங் கம்பியை எந்தச் சாய்வில் பிடிப்பது, உப்புக் காற்றில் துருவை எப்படி மட்டுப்படுத்துவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கைத்தொலைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். இரும்பில் உருவம் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எங்கள் பட்டறைக்கு வந்து கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு நின்று பேச வராது. பாதியில் கோபம் வந்து யாரையாவது ஏசிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

உங்களில் சிலர் இதைக் கலை என்கிறீர்கள். நான் வேலை என்றுதான் சொல்லிப் பழகியவன். கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கியபோது, கேற்றும் கிறிலும் செய்துகொண்டிருந்த எங்களிடம் நண்டு செய், டொல்பின் செய் என்று கேட்டு வந்தார்கள். ஆலங்குடாவில் ஒரு முதலாளி வாசலுக்குப் பெரிய தும்பி கேட்டார். செய்து கொண்டுபோய் நிறுத்தினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஆட்களில் மூத்தவனை, அண்ணா என்பதற்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நல்லா இருக்கு நானா. ஆனா கொஞ்சம் சிரிக்கிற மாதிரிச் செய்ய ஏலாதா?"

"தும்பி என்னத்துக்கு முதலாளி சிரிக்குது?"

"வாற ஆக்கள் சந்தோசமா உள்ள வரணுமே."

சிரிக்க வைத்தேன். சோற்றுக்குச் செய்யும் வேலையில் தும்பி சிரிக்கத்தான் வேண்டும். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. நீங்களும் வெட்கப்பட வேண்டாம். அந்த வேலையில் ஆபத்தும் இல்லை. நம்முடைய மனதிலிருந்து ஒன்றைச் செய்து வெளியில் நிறுத்தும்போதுதான் ஆபத்து. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைத்தான் செய்தேன். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கொழும்பிலிருந்து ஷர்மினி என்று ஒரு பெண் வந்தார். ஒரு கலை அமைப்பின் பொறுப்பாளர். மனிதனுடைய நிலைமையைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் உலோகச் சிற்பங்கள் வைக்கப் போகிறார்களாம். முதலில் ஒவ்வொன்றும் அதனதன் ஊரில் நிற்கும். பிறகு எல்லாவற்றையும் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் சேர்த்து வைத்துக் கண்காட்சி. அது முடிந்ததும் திரும்ப ஊருக்கே வந்துவிடும்.

"உங்களுக்கு விருப்பமானதைச் செய்யுங்க அண்ணா. நாங்க ஒண்டும் சொல்ல மாட்டம்" என்றார்.

எறும்பு செய்கிறேன் என்றேன். ஏன் எறும்பு என்று கேட்டார். சொன்னேன்.

தொண்ணூறில் மன்னாரில் துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்களான எங்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கட்டிய துணியோடும் கையில் அகப்பட்டதோடும் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் முதல் மழைக்கே நிலமெல்லாம் தண்ணீர். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டிலின் நடுக்கம்பில் ஏறின. உம்மா பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகளுக்கும் ஆரோ போகச் சொல்லிட்டாங்க போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

ஏழு எறும்புகள் செய்தேன். ஒவ்வொன்றும் ஆள் உயரம். பின்கால்களில் நிமிர்ந்து, வரிசையாக, நடக்கிற நிலை. வயிற்றுக்குப் பழைய காஸ் சிலிண்டர். கால்களுக்கு வள்ளத்து நங்கூரக் கம்பி. தலைக்கு மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கி. அதைக் கவிழ்த்துப் பார்த்தால் எறும்பின் முகம் தெரியும். கண்ணுக்குச் சில்லுக்குள் உருளும் பெயரிங் குண்டு. ஒன்றின் கையில் தையல் மெஷின். ஒன்றின் கையில் கேத்தல். ஒன்று பிள்ளையைத் தோளில் போட்டிருந்தது. கடைசி எறும்பின் கையில் ஒன்றுமில்லை. ஆனால் எதையோ ஏந்தியிருப்பதுபோல் கைகள் வளைந்திருக்கும். மற்ற ஆறையும் செய்த நேரத்தைவிட அந்த இரண்டு கைகளுக்கு எடுத்த நேரம் கூட.

கரைத்தீவுப் பக்கத்தில் எங்கள் குடியேற்றத்தில், பள்ளிவாசலுக்குப் போகும் பாதை வளைகிற இடத்தில், அவற்றை நிறுத்தினேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். ஊர் முழுக்க நடக்கிற பாதை, இவையும் நடக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அந்த வளைவில் அவை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. இதைவிடப் புத்தி கெட்ட நாளைத் தேடினாலும் கிடைத்திருக்காது. என்னோடு நின்றவன் தமிழ் இந்துக்களின் ஊரான உடப்பைச் சேர்ந்த சின்னத்தம்பி. என் பட்டறையில் பல காலம் வேலை செய்தவன். அவனுடைய கை நேராக வெட்டும், வாய் குறுக்கே வெட்டும். கடைசிக் காலுக்குக் கொங்கிறீற்று இறுகுவதற்குள் ஜும்ஆத் தொழுகைக்கு வந்த ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"தொழப் போற பாதையில சிலையா?"

"சிலை இல்ல. எறும்பு."

"கண்ணு வச்சிரிக்கி, முகம் வச்சிரிக்கி. பிறகு என்ன எறும்பு?"

"நம்மட கதை தானேடா அது. மெஷினைப் பாரு, கேத்தலைப் பாரு" என்றார் ஒருவர்.

"கதையை வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லுங்க. இது பள்ளி ரோட்டு."

பின்னாலிருந்து ஒருவன், "கயிறு கொண்டு வாங்கடா, இழுத்து விழுத்துவம்" என்றான். சின்னத்தம்பி இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கீழே வைக்காமல் என் காதில் சொன்னான்: "நானா, எனக்கு விழுற அடியையும் நீங்க தான் வாங்கோணும். நான் வேற சமயம்."

அப்போதுதான் எங்கள் பள்ளியின் மௌலவி வந்தார். நாங்கள் ஹஸ்ரத் என்போம். என்னைவிட இளையவர். முகாமில் பிறந்தவர். அவர் ஏழு எறும்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தையல் மெஷினிடம் நின்றார்.

"எங்கட உம்மாவும் மெஷின்ட தலையை மட்டும் கழட்டிக் கொண்டு வந்தா எண்டு சொல்லுவாங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "நானா, நான் சொல்றதை மார்க்கமா எடுங்க, சண்டையா எடுக்காதீங்க. முகம் இருந்தா இது உருவம். தொழப் போற பாதையில உருவம் நிக்க ஏலாது. தலை இல்லாட்டி இது இரும்பு. இரும்பு நிக்கலாம்."

"தலையை வெட்டினா வேலை செத்துப் போயிரும் ஹஸ்ரத்."

"அது உங்களுக்குத் தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னன். வெட்டுங்க எண்டும் சொல்லேல்ல, எடுத்திட்டுப் போங்க எண்டும் சொல்லேல்ல. தொழுகை முடிஞ்சு சனம் வெளிய வாறதுக்குள்ள யோசிங்க. அது வரைக்கும் ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

கூட்டத்தைப் பார்த்து ஒரு தடவை கையை அசைத்தார். எல்லோரும் அவருக்குப் பின்னால் பள்ளிக்குள் போனார்கள். நான் அன்று ஜும்ஆவுக்குப் போகவில்லை.

பாதையில் நானும் சின்னத்தம்பியும் மட்டும்.

"எங்கட கோயில்ல கண் திறக்கிற வரைக்கும் அது வெறும் கல்லு" என்றான் அவன். "உங்கட ஆக்களுக்குக் கண் இருந்தா ஆகாது. ரெண்டு பக்கமும் கண்ணில தான் பிரச்சினை. இந்த எறும்பு என்ன பாவம் செஞ்சுது?"

"வாயை மூடு."

"மூடுறன். வெட்டவா, விடவா? அதைச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாவற்றையும் பிடுங்கி லொறியில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். அப்படிச் செய்திருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. கோபத்தோடு வேலையைப் பார்க்காதீர்கள், வேலையை மட்டும் பாருங்கள். நான் பாதையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, கையை நீட்டி, தலைகள் மட்டும் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். உடம்புகள் நடந்தன. தலையோடு பார்த்தபோது அவை எறும்புகள். தலையை மறைத்தபோது அவை எறும்புகளா ஆட்களா என்று எனக்கே சொல்ல முடியவில்லை. நான் செய்ய நினைத்து என் கைக்குப் பிடிபடாமல் போனது அதுதான்.

சின்னத்தம்பி வெட்டத் தயாராக இருந்தான். நான் கிரைண்டரை வாங்கிக்கொண்டேன். வெட்டத்தான் வேண்டும் என்றால் நீங்களே வெட்டுங்கள். இன்னொருவன் வெட்டினால் அது காயமாகத் தெரியும். செய்தவன் வெட்டினால் அதுவும் வேலையில் சேர்ந்துவிடும்.

தொழுகை முடிந்து ஆட்கள் வந்தபோது ஏழு தலைகளும் உரப்பைக்குள் இருந்தன. மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்த ஹனீபா நானா கடைசி எறும்புக்கு முன்னால் வந்து நின்றார். வயதானவர், அதிகம் பேசாதவர்.

"தலை எங்க?"

"எடுத்தாச்சு நானா."

"அது தான் சரி. அப்படித்தானே வந்தம். எங்க போறம், எங்க இறங்குவம் எண்டு ஒருத்தன்ட தலையிலயும் ஒண்டும் இருக்கேல்ல."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த பையை எறும்பின் கைகளில் வைத்துவிட்டு, இடுப்புச் சாரனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அது ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. கடைக்குப் போய் வருகிற பெண்கள் அந்தக் கைகளில் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "அவன்ட கையில குடுத்திட்டு வா, களவெடுக்க மாட்டான், தலை இல்லாதவன்" என்று சொல்லிச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன். கயிறு கொண்டு வரச் சொன்னவன் அதே எறும்பின் காலில் தன் ஆட்டைக் கட்டியிருந்தான். நான் கேட்டதற்கு, "இரும்பு தானே நானா" என்றான்.

நான் செய்த எந்த வேலைக்கும் அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. இதுவரைக்கும்தான் நல்ல கதை.

கண்காட்சிக்கு ஏற்றிக்கொண்டு போக ஷர்மினி லொறியோடு வந்தார். தலை இல்லாததைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டார்.

"அண்ணா, இது முந்தினதை விட சரியான பவர்ஃபுல். அந்தத் தலைகள் இருக்கா?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"ஆவணப்படுத்தத் தான்."

உரப்பையைத் தூக்கிக் கொடுத்தேன். இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். வேலையிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அன்றைக்கே உருக்கிவிடுங்கள், அல்லது துண்டு துண்டாக வெட்டிக் காயலான் கடைக்குப் போடுங்கள். வெட்டிய துண்டு தனியாகக் கிடந்தால் அதை வைத்து வேறொருவன் வேறொரு வேலை செய்வான். அந்த வேலையில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

அப்போது நாட்டில் எங்கள் ஆட்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம். பஸ்ஸில் தொப்பி போட்டவனுக்குப் பக்கத்துச் சீட் காலியாகவே போகும். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவனும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷர்மினிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் செய்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நான் முதலிலேயே உஷாராகியிருப்பேன்.

திறப்பு நாளில் நானும் சின்னத்தம்பியும் நேரத்தோடு போனோம். ஹோட்டல் தோட்டத்தில் எறும்புகள் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளைத் துணி விரித்து, ஏழு தலைகளையும் வரிசையாக அடுக்கி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. தமிழில் இருந்தது இவ்வளவுதான்: "பள்ளிவாசலின் உத்தரவால் வெட்டப்பட்ட தலைகள்."

காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். எறும்புகளைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு தொலைக்காட்சிக்காரன் கமராவைப் பெட்டிக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தான். நான் ஷர்மினியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இது என்ன பலகை?"

"ஏன் அண்ணா, உண்மை தானே?"

"உத்தரவு எண்டு ஆர் சொன்னது? அவர் உத்தரவு போடேல்ல. வெட்டினது நான்."

"பார்க்கிற ஆக்களுக்கு டக்கெண்டு விளங்கணும் அண்ணா. நீளமா எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க."

"அப்ப இன்னும் ஒரு வரி போடுங்க. இந்த எறும்புகள் ஏன் நடக்குது எண்டு. தொண்ணூறில எங்களுக்கு என்ன நடந்தது எண்டு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது அரசியல் ஆகிடும் அண்ணா. எங்களுக்கு அனுமதி எல்லாம் தரமாட்டாங்க."

"தலையை வெட்டினது கலை. ஊரை விட்டுத் துரத்தினது மட்டும் அரசியலா?"

"கோபப்படாதீங்க. இண்டைக்கு எல்லாரும் பார்க்கிறது உங்கட வேலையைத் தான். பிரதம விருந்தினர் வந்து பார்த்திட்டுப் போகட்டும். பிறகு கதைப்பம்."

அந்த நேரம் என் போன் அடித்தது. ஹஸ்ரத். எறும்புகளைப் பார்க்க வாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். ஹனீபா நானாவும் ஊர் ஆட்கள் சிலரும் பெண்கள் பிள்ளைகளுமாக ஒரு வான் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். "நானா, நுரைச்சோலை தாண்டிட்டம். எந்தப் பக்கம் திரும்புறது?" என்றார். வானுக்குள் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

வழியைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

சின்னத்தம்பி பலகைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். அவனுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் இருக்கும்.

"நாலு நட்டு தான் நானா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கழட்டிருவன்."

"கமரா நிக்குது."

"நிக்கட்டும். நான் உடப்பான். என்னைப் பிடிச்சா என்ன எழுதுவாங்க? எழுத ஒண்டும் இல்ல."

"உன்னை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது எண்டு எழுதுவாங்க."

அவன் ஸ்பானரைத் திரும்பப் பைக்குள் போட்டான். நான் பெட்டியை உடைத்திருக்கலாம். முஸ்லிம் ஒருவன் கண்காட்சியில் புகுந்து உடைத்தான் என்று அன்று பின்னேரமே நாடு முழுக்கப் பார்த்திருக்கும். வானை வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் என்ன காரணம் சொல்வது? சின்னத்தம்பி சொன்னபடி நாலு நட்டைக் கழற்ற விட்டிருக்கலாம். இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால் எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் செய்தது இதுதான்: வாசலுக்குப் போய், வான் நின்றவுடன் ஹஸ்ரத்தை ஓரமாகக் கூப்பிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று முழுக்கச் சொன்னேன். இப்படியே திரும்பிப் போங்கள் என்றேன்.

அவர் வானுக்குள் இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னது நான் தானே நானா. சொன்னதைக் கண்டு நான் ஏன் ஓடுறது? ஓடினா, அது பிழை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி."

உள்ளே போனார். பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் நிதானமாக வாசித்தார். தலைகளைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஷர்மினி ஓடி வந்து வணக்கம் சொன்னார்.

"மற்றதும் எழுதி இரிக்கா?" என்று கேட்டார் ஹஸ்ரத்.

"எது சேர்?"

"இதுகள் எங்க இருந்து நடக்குது எண்டு."

ஷர்மினி சிரித்து மழுப்பினார். தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டினான்.

"தலையை வெட்டச் சொன்னது நீங்க தானா?"

"ஓம். நான் தான் சொன்னன்" என்று தொடங்கினார் ஹஸ்ரத். பிறகு நிறையப் பேசினார். முகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விளக்கினார். கயிறு கேட்ட ஆட்களை நிறுத்தியதையும், எறும்பின் கையில் பை வைக்கும் பெண்களையும், உம்மாவின் மெஷினையும், வள்ளத்தையும் சொன்னார். அவ்வளவு அழகாக அந்த வேலையைப் பற்றி நான்கூடப் பேசியதில்லை. ஹனீபா நானா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சியில் வந்தது முதல் வரி மட்டும். தாடியும் தொப்பியுமாக ஒரு மனிதன், அவருக்குப் பின்னால் வெளிச்சத்தில் ஏழு தலைகள், "ஓம். நான் தான் சொன்னன்." அவருடைய பேச்சையும் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். அந்தத் துண்டு போனுக்குப் போன் பாய்ந்தது. கீழே ஆட்கள் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். இன்று இரும்பின் தலை, நாளைக்கு யாருடையது என்பதுதான் அதில் மரியாதையாக இருந்தது.

ஹஸ்ரத்தைப் பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தார். குற்றம் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். குற்றம் இல்லை என்பதை ஒருவரும் தொலைக்காட்சியில் போடவில்லை. நானும் ஷர்மினியின் அலுவலகத்துக்குப் போனேன், பத்திரிகைக்காரர் ஒருவரிடமும் போனேன். ஷர்மினி அழுதார். பத்திரிகைக்காரர், "இப்ப இது பழைய செய்தி" என்றார்.

பள்ளி நிருவாகத்தினர் பயந்துபோனார்கள். கொஞ்சக் காலத்துக்கு விலகி இருங்கள் என்று ஹஸ்ரத்திடம் சொன்னார்கள். எறும்புகள் இனி இந்தப் பாதைக்கு வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள்.

"தலை தான் இல்லையே, பிறகென்ன?" என்று கத்தினேன்.

"மார்க்கத்துக்காகச் சொல்லேல்ல நானா. எங்கட பேர் இனி ஒண்டிலயும் வர வேணாம். எங்களை விடுங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

எனக்கு எல்லோரையும் ஏச வாய் வரும். அவர்களை ஏச வரவில்லை. ஒரு தடவை துரத்தப்பட்டவனுக்குக் கதவு தட்டப்படும் சத்தம் எப்போதும் ஒன்றுதான்.

எறும்புகள் ஹோட்டலிலேயே தங்கிவிட்டன. சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தலைகளைத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். தலையில்லாமல் பார்க்கப் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். யாரோ ஒருவன், வெல்டிங் தெரியாதவன், அவசரத்தில் ஒட்டியிருக்கிறான். ஒன்றின் தலை இன்னொன்றுக்குப் போயிருந்தது. ஒன்று பின்பக்கம் பார்த்தது. எல்லாவற்றுக்கும் தங்க நிறப் பெயின்ற். கடைசி எறும்பின் கைகளில் குளித்துவிட்டு வருபவர்களுக்காகத் துவாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பலகையைக் காணவில்லை. ஒரு ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு அது போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் இரும்பைத் தொடவில்லை. கண் சரியில்லை என்று ஊருக்குச் சொன்னேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். நல்ல வேலை செய்தால் அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்களே, அது பொய். வேலைக்கு வாய் கிடையாது. பக்கத்தில் எவன் நின்று பேசுகிறானோ அவன் சொல்வதுதான் அந்த வேலை. நீங்கள் செய்து முடித்தவுடன் போய்விடுகிறீர்கள். அவன் அங்கேயே நிற்கிறான். இதற்கு மருந்து என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொன்னால் நானும் ஒரு பொய்க்காரன்.

கடைசியாக ஒன்று. ஹஸ்ரத் இப்போது வண்ணாத்திவில்லுவுக்கு உள்ளே, மனைவியின் உறவினர் ஒருவருடைய முந்திரிக் கஜுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விலகி இருக்கச் சொன்ன கொஞ்சக் காலம் இன்னும் முடியவில்லை. போன மாதம் தேடிக்கொண்டு போனேன். மெலிந்திருந்தார். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"நடந்ததை முழுக்க எழுதப் போறன் ஹஸ்ரத்" என்றேன். "பேப்பருக்குக் குடுக்கப் போறன். உத்தரவு இல்ல, ஒரு மண்ணும் இல்ல, வெட்டினவன் நான் எண்டு."

"வேணாம் நானா."

"ஏன்? உங்கட பேர் கெட்டுக் கிடக்கே."

"நீங்க எழுதினா, அதுக்குப் பக்கத்திலயும் ஒரு பலகை வைப்பாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் இது பேப்பருக்கு இல்லை, உங்களுக்கு மட்டும்.

பின்னேரத் தொழுகையான அசருக்கு நேரமாகியிருந்தது. பக்கத்தில் பள்ளி இல்லை. கஜு மரத்தடியில் பாயை விரித்தார். பாதை நிறைய ஆட்களைத் தன் பின்னால் பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்குப் பின்னால் காய்ந்த இலைகள் மட்டும்தான் கிடந்தன. தொழ வந்தவன் ஒருவன் மட்டும் என்றால் பின்னால் நிற்பதில்லை, தொழுகை நடத்தும் இமாமின் வலது பக்கத்தில் நிற்க வேண்டும். நான் கை, முகம், கால் கழுவிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கத்தில் நின்றேன்.